படத்தின் அடியில் நிற்கும் பெயர்கள்: உருவப்பட ஓவியங்கள் செப்புத்தகட்டில் ஏறிய வரலாறு

முன்னுரை

ஐரோப்பாவின் பழைய செதுக்கச்சுப் படம் ஒன்றைக் கையில் எடுத்தால், பெரும்பாலும் உருவத்துக்குக் கீழே உள்ள ஒடுங்கிய விளிம்பில் பொடி எழுத்தில் சில இலத்தீன் சொற்கள் தென்படும். இடது மூலையில் ஓவியர் பெயரும் 'பிங்க்சிட்' என்ற சொல்லும். வலது மூலையில் இன்னொருவர் பெயரும் 'ஸ்கல்ப்சிட்' என்ற சொல்லும். முன்னவர் தீட்டியவர், பின்னவர் செதுக்கியவர். ஓவியத்தைப் பார்த்துத் தாளில் வரைந்து கொடுத்தவர் இருந்தால் அவர் பெயரோடு 'டெலினியாவிட்' சேரும். பணம் போட்டு வெளியிட்டவர் பெயரோடு 'எக்ஸ்குடிட்' வரும். ஒரே முகத்துக்குப் பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள்.

கலை வரலாற்று நூல்களில் இவர்களில் ஒருவர் மட்டுமே பேசப்படுகிறார். ஓவியர் மேதை, மற்றவர்கள் நகலெடுத்தவர்கள். ஆனால் 16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பியர்களில் மிகப் பெரும்பாலோர் ரஃபேலையும் டிஷியனையும் வான் டைக்கையும் அறிந்தது அச்சிட்ட தாள்களின் வழியாகத்தான். மூல ஓவியங்கள் அரண்மனைகளிலும் செல்வர் வீடுகளிலும் அடைபட்டுக் கிடந்தன. ஊர் ஊராகப் போனவை தாள்கள்.

உருவப்பட ஓவியங்களை மறுபதிப்புச் செய்த செதுக்கச்சுக் கலை மூன்று நூற்றாண்டுகளில் எப்படி வளர்ந்தது, எப்படி முடிந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அந்த வரலாற்றைப் படத்தின் அடியில் உள்ள பெயர்களைப் பின்தொடர்ந்தே சொல்லலாம் என்பது என் கருத்து. யார் பெயர் எப்போது சேர்ந்தது, எந்தச் சட்டம் அதைக் காத்தது, எப்போது உதிர்ந்தது என்று பார்த்தால், செதுக்கியவர் வெறும் நகலாளர் அல்லர், ஓவியத்தை முதன்முதலில் வரி வரியாகப் படித்தவர் என்பது விளங்கும்.

தகடும் உளியும்

மெருகேற்றிய செப்புத்தகட்டில் 'பியூரின்' எனும் எஃகு உளியால் கோடுகளைக் கீறுவது அடிப்படை முறை. உளியின் பிடி உள்ளங்கையில் பொருந்தியிருக்கும். கை முன்னோக்கித் தள்ளும். வளைகோடு வேண்டுமென்றால் கையைத் திருப்புவதில்லை. மணல் நிரப்பிய தோல் மெத்தையின்மேல் வைத்த தகட்டை மற்றொரு கையால் திருப்புவார்கள். உளி ஆழமாகப் போனால் கோடு தடிக்கும், மேலெழுந்தால் மெலியும். கீறலின் ஓரத்தில் எழும் செம்புச் சிம்புகளைச் சுரண்டி நீக்கிவிட்டு, தகடு முழுவதும் மை பூசித் துடைப்பார்கள். மை கோட்டுப் பள்ளங்களில் மட்டும் தங்கும். ஈரத்தாளை மேலே வைத்து இரு உருளைகளுக்கிடையே அழுத்தி எடுத்தால் பள்ளத்து மை தாளில் ஏறும். தகட்டின் ஓரம் தாளில் ஒரு செவ்வக அழுத்தத் தடமாக விழும். பழைய செதுக்கச்சை அடையாளம் காண முதலில் தேடவேண்டியது அந்தத் தடத்தைத்தான்.

இந்த முறையில் சாம்பல் நிறம் என்று ஒன்றே கிடையாது. கறுப்புக் கோடு உண்டு, வெள்ளைத் தாள் உண்டு, அவ்வளவுதான். ஓவியர் எண்ணெய் வண்ணத்தில் ஒன்றோடொன்று கரைய விட்ட நிழலையும் ஒளியையும் செதுக்குபவர் கோடுகளின் தடிப்பு, நெருக்கம், திசை ஆகியவற்றால் கட்டி எழுப்ப வேண்டும். ஹாலந்தின் ஹென்ட்ரிக் ஹோல்ட்சியஸ் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தடித்து மெலியும் கோட்டை அதன் உச்சத்துக்குக் கொண்டுசென்றார். கோடுகள் குறுக்கே வெட்டிச் சாய்சதுரங்களாகும். ஒவ்வொரு சாய்சதுரத்தின் நடுவிலும் ஒரு புள்ளி விழும். வாசலில் இடும் கோலத்தைப் போலப் புள்ளியும் கோடும் ஒழுங்காகப் பின்னிய இந்த அமைப்பே அடுத்த இருநூறு ஆண்டுகளுக்குக் கன்னத்தின் சதையையும் நெற்றியின் மேட்டையும் காட்டும் பொதுமொழியாயிற்று.

இன்னொரு சிக்கல் திசை. தகட்டில் உள்ளது தாளில் இடவலம் மாறி விழும். மூலத்தைப் பார்த்தபடியே செதுக்கினால், வலப்பக்கம் நோக்கும் முகம் அச்சில் இடப்பக்கம் நோக்கும். கண்ணாடியில் பார்த்துச் செதுக்கியோ வரைபடத்தைத் திருப்பித் தகட்டில் ஏற்றியோ இதைச் சரிசெய்தவர்கள் உண்டு. அப்படியே விட்டவர்களும் உண்டு. எனவே ஒரு செதுக்கச்சை அதன் மூலத்தோடு ஒப்பிடும்போது திசையைப் பார்ப்பது ஆய்வாளரின் முதல் வேலைகளில் ஒன்று.

இத்தாலியத் தொடக்கம்

ரோமில் 1510களில் ரஃபேலும் மார்க்கன்டோனியோ ரைமொன்டியும் இணைந்து செயல்பட்டதைத்தான் மறுபதிப்பு அச்சின் தொடக்கமாகப் பொதுவாகக் கொள்வார்கள். ஆனால் மார்க்கன்டோனியோ பெரும்பாலும் செதுக்கியது ரஃபேலின் வரைபடங்களை, முடிந்த ஓவியங்களை அல்ல. ஓவியத்தை ஓவியமாகவே தாளில் தர வேண்டும் என்ற எண்ணம் அப்போது உறுதிப்படவில்லை. பெயர் குறித்த சண்டையோ அதற்கும் முந்தையது. ஜெர்மானியக் கலைஞர் டியூரரின் மரச்செதுக்குப் படங்களை மார்க்கன்டோனியோ அவருடைய கையெழுத்துக் குறியோடு சேர்த்தே நகலெடுத்து விற்றதாகவும், டியூரர் வெனிஸ் அரசிடம் முறையிட்டதாகவும், குறியைப் போடக்கூடாது என்ற அளவுக்கே தீர்ப்புக் கிடைத்ததாகவும் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி கூறுகிறார். படத்தை எடுக்கலாம், பெயரை எடுக்கக்கூடாது என்பதே அந்தக் கதையின் சாரம்.

அடுத்த படி டிஷியனுடையது. 1565இல் வெனிசுக்கு வந்த கொர்னேலிஸ் கோர்ட் என்ற நெதர்லாந்துக் கலைஞரை டிஷியன் தம் வீட்டிலேயே வைத்துத் தம் ஓவியங்களைச் செதுக்கச் செய்தார். 1567இல் அந்த அச்சுகளுக்கு வெனிஸ் அரசிடம் தனியுரிமையும் பெற்றார். ஓவியரே தம் அச்சுகளின் காவலராக மாறிய தருணம் இது. டிஷியன் இறந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1587இல், அவருடைய தன்னுருவ ஓவியத்தை ஆதாரமாகக் கொண்டு அகோஸ்டினோ கராச்சி ஒரு செதுக்கச்சு வெளியிட்டார். வண்ணத்துக்குப் பேர்போன ஓவியரின் முகம் வண்ணமே இல்லாத ஒரு தாளில் உலகெங்கும் பரவியது.

ரூபன்ஸின் பட்டறை

இந்தத் தொழிலை ஒரு முழு நிறுவனமாக மாற்றியவர் ஆன்ட்வெர்ப்பின் பீட்டர் பால் ரூபன்ஸ். 1619இல் பிரான்சிடமிருந்தும் தென் நெதர்லாந்து ஆட்சியாளர்களிடமிருந்தும், 1620இல் டச்சுக் குடியரசிடமிருந்தும் அவர் தனியுரிமை பெற்றார். அவர் மேற்பார்வையில் வந்த அச்சுகளின் அடியில் அந்த மூன்று உரிமைகளும் வரிசையாகக் குறிக்கப்பட்டன. பெயர்களோடு சட்டமும் விளிம்பில் இடம்பிடித்தது.

அவருக்காக உழைத்தவர்களில் தலையானவர் லூகாஸ் வோர்ஸ்டெர்மன். ரூபன்ஸ் சோதனை அச்சுகளில் மையாலும் வெள்ளை வண்ணத்தாலும் திருத்தம் போட்டுத் திருப்பி அனுப்புவார். இங்கே நிழல் போதாது, அங்கே ஒளி விழ வேண்டும் என்று கோட்டுக்குக் கோடு கணக்குக் கேட்பார். மாதக் கணக்கில் தகட்டின்மேல் குனிந்து கிடந்தவர் வோர்ஸ்டெர்மன். உரிமையும் புகழும் ரூபன்ஸுக்கு. இருவருக்கும் இடையே மூண்ட மோதல் 1622இல் எல்லை மீறியது. ரூபன்ஸின் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டி பிரஸ்ஸல்ஸ் அரசவையிடம் முறையீடு போகும் அளவுக்கு நிலைமை முற்றியது. வோர்ஸ்டெர்மன் விலகி இங்கிலாந்து சென்றார். அவர் இடத்துக்கு பவுலஸ் பொன்டியஸ் வந்தார். இதை ஒரு தனிமனிதரின் கோபம் என்று ஒதுக்குவது சரியல்ல. 'ஸ்கல்ப்சிட்' என்ற சொல்லின் மதிப்பு என்ன என்ற கேள்வி வெளிப்படையாக எழுந்த இடம் இதுவே.

ரூபன்ஸிடம் பணியாற்றிய அந்தோனி வான் டைக் வேறொரு வழியில் போனார். 1630களில் தம் காலத்து இளவரசர்கள், படைத்தலைவர்கள், அறிஞர்கள், கலைஞர்கள் ஆகியோரின் உருவப்படத் தொகுதி ஒன்றைத் திட்டமிட்டார். 'ஐகனோகிராஃபி' என்று பின்னாளில் அழைக்கப்பட்ட இத்தொகுதியில் மார்ட்டன் வான் டென் என்டென் 80 படங்களை வெளியிட்டார். அவற்றில் பாதிக்கு மேல் கலைஞர்களும் கலைச் சேகரிப்பாளர்களும். செதுக்குக் கலைஞர்களின் முகங்களும் மன்னர்களின் முகங்களோடு ஒரே அளவில், ஒரே கண்ணியத்தோடு அச்சேறின. வோர்ஸ்டெர்மனின் முகத்தை வான் டைக் தம் கையாலேயே தகட்டில் வரைந்தார். வான் டைக் 1641இல் மறைந்தார். தகடுகளை வாங்கிய கில்லிஸ் ஹென்ட்ரிக்ஸ் 1645இல் தொகுதியை 100 படங்களாக விரித்து வெளியிட்டார்.

அந்தப் பதிப்பின் முகப்புப் படத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வான் டைக் அமில அரிப்பு முறையில், அதாவது மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் வரைந்து அமிலத்தால் கோடுகளை அரிக்கச் செய்யும் முறையில், தம் தலையை மட்டும் ஒரு தகட்டில் வரைந்திருந்தார். தோளுக்கு மேல் திரும்பி நம்மைப் பார்க்கும் முகம். சுற்றிலும் வெறும் தாள். ஊசியின் ஓட்டம் கையெழுத்தைப் போல இயல்பாக, விரைவாக இருக்கிறது. ஹென்ட்ரிக்ஸின் பதிப்புக்காக யாகோப் நெய்ஃப்ஸ் அதே தகட்டை எடுத்து, தலைக்குக் கீழே சிலையின் மார்பையும் பீடத்தையும் உளியால் செதுக்கிச் சேர்த்தார். பீடத்தில் நூலின் தலைப்பு ஏறியது. ஒரே தாளில் இரண்டு கைகள்: மேலே துள்ளும் கோடு, கீழே அளந்து வைத்த கோடு. ஓவியரின் கை எங்கே முடிகிறது, செதுக்குபவரின் கை எங்கே தொடங்குகிறது என்பதைக் கழுத்தோரத்தில் விரல் வைத்துக் காட்டலாம்.

ஆம்ஸ்டர்டாம், 1639: ஒரு முகத்தின் பயணம்

ஒரு தனி ஓவியம் அச்சு உலகில் எப்படிப் பயணப்பட்டது என்பதற்கு ரஃபேல் 1514–15 அளவில் தீட்டிய பால்தஸ்ஸாரே காஸ்டிலியோனேயின் உருவப்படத்தைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. அரசவை மனிதனின் ஒழுக்கத்தைப் பற்றி எழுதி 1528இல் நூலாக வெளியிட்டவர் காஸ்டிலியோனே, ரஃபேலின் நண்பர். கறுப்பு, சாம்பல், வெள்ளை ஆகிய மூன்றே நிறங்களின் சாயல்களில் அமைந்த ஓவியம் அது. கரிய தொப்பி, சாம்பல் உரோமச் சட்டைக்கை, வெள்ளை உள்ளாடை, பின்னால் மங்கிய சுவர், நடுவில் அமைதியான நீலக்கண்கள்.

1639இல் அது ஆம்ஸ்டர்டாமில் லூகாஸ் வான் உஃபெலன் என்ற வணிகரின் சேகரிப்போடு ஏலத்துக்கு வந்தது. கூட்டத்தில் ரெம்பிராண்ட் இருந்தார். பேனாவால் விரைந்து ஒரு குறிப்போவியம் வரைந்து, ஓவியம் 3500 கில்டருக்குப் போனதையும், முழுச் சேகரிப்பும் 59456 கில்டர் ஈட்டியதையும் தாளின் ஓரத்தில் எழுதிவைத்தார். அந்தத் தாள் இன்று வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் உள்ளது. அதே ஏலத்தில் ஜெர்மானிய ஓவியர் யோவாகிம் வான் சாண்ட்ரார்ட்டும் இருந்தார். தாம் 3400 கில்டர் வரை கேட்டதாகப் பின்னர் எழுதினார். வாங்கியவர் அல்ஃபோன்ஸோ லோபெஸ்; பிரெஞ்சு அரசுக்காக ஆம்ஸ்டர்டாமில் செயல்பட்ட முகவர்.

ஓவியத்தை வாங்க முடியாத சாண்ட்ரார்ட் அதை வரைந்துகொண்டார். அவர் வரைபடத்தைக் கொண்டு ரெய்னியர் வான் பெர்சைன் 1640களின் தொடக்கத்தில் செப்புத்தகட்டில் செதுக்கினார். ரஃபேல் தீட்டியது, சாண்ட்ரார்ட் வரைந்தது, பெர்சைன் செதுக்கியது என்று ஒரே முகம் மூன்று கைகளைக் கடந்தது. லோபெஸிடம் இருந்த இன்னோர் ஓவியமும் இதே வழியில் அச்சேறியது: டிஷியனின் நீலச் சட்டைக்கை மனிதர். அவரை அப்போது கவிஞர் அரியோஸ்டோ என்று நம்பினார்கள். இந்த இரு ஓவியங்களையும் உள்வாங்கி ரெம்பிராண்ட் 1639இல் ஒரு தன்னுருவ அச்சையும் 1640இல் ஒரு தன்னுருவ ஓவியத்தையும் படைத்தார். அந்த 1640 ஓவியமும் டிஷியனின் நீலச் சட்டைக்கை மனிதரும் இன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் ஒரே கூரையின் கீழ் உள்ளன.

காஸ்டிலியோனே ஓவியம் பின்னர் கர்தினால் மஸாரினிடம் சென்று, அவர் இறந்தபின் 1661இல் பதினான்காம் லூயியின் உடைமையாகி, இன்று லூவ்ரில் இருக்கிறது. பாரிஸில் அது மீண்டும் செதுக்கப்பட்டது. கலைச் சேகரிப்பாளர் பியர் குரோஸாவின் முயற்சியில் 1729இல் முதல் தொகுதி வெளிவந்த பெரும் ஓவியத் தொகுப்பில் நிக்கோலா எதெலின்க் செதுக்கிய காஸ்டிலியோனே இடம்பெற்றது. இரண்டு அச்சுகளுக்கிடையே ஒரு நூற்றாண்டுகூட இல்லை. ஆனால் முன்னது ஏலத்தில் தோற்ற ஓவியர் ஒருவரின் ஆசையில் பிறந்தது. பின்னது பிரான்சில் உள்ள சிறந்த ஓவியங்களை முறையாகப் பதிவுசெய்யும் அறிவுத்திட்டத்தில் பிறந்தது. ஓவியம் மாறவில்லை, அதைத் தாளில் ஏற்ற வேண்டிய காரணம் மாறியிருந்தது.

பாரிஸ்: செதுக்குபவர் கலைஞராகிறார்

1660இல் பதினான்காம் லூயி செய்ந்-ஜான்-டி-லூஸ் என்ற ஊரில் பிறப்பித்த ஆணை, செதுக்குக் கலை சுதந்திரமான கலை என்றும் எந்தக் கைவினைஞர் சங்கக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டதன்று என்றும் அறிவித்தது. ஓவியர்களின் அரச கழகம் செதுக்குபவர்களையும் உறுப்பினராக ஏற்றது. உறுப்பினராக விரும்புபவர் கழகத்து ஓவியர்களின் உருவப்படங்களைச் செதுக்கிச் சமர்ப்பிப்பது வழக்கமாயிற்று. உருவப்படத்தின் மறுபதிப்பே அங்கு தேர்வுத்தாள்.

ஆன்ட்வெர்ப்பில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஜெரார் எதெலின்க் 1676இல் ஃபிலிப் த ஷாம்பெய்னின் தன்னுருவ ஓவியத்தைச் செதுக்கினார். பிரெஞ்சு உருவப்படச் செதுக்கச்சின் உச்சங்களில் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. அடுத்த தலைமுறையில் பியர்-ஆம்பெர் த்ரவே 1723இல், இருபத்தாறு வயதில், ரிகோ தீட்டிய பிஷப் பொஸ்ஸுவேயின் முழுவுருவப் படத்தைச் செதுக்கி முடித்தார்.

இந்த அச்சை உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பார்க்க வேண்டும். ஓவியத்தில் பொஸ்ஸுவே பின்னல்வேலை அங்கியும் வெள்ளை உரோமம் பதித்த மேலங்கியும் அணிந்து நிற்கிறார். காலடியில் நூல்கள், பின்னால் தூணும் திரையும். ரிகோவுக்கு இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் இருந்தது. த்ரவேயிடம் இருந்தது ஒரே கறுப்பு மை. அவர் செய்தது இதுதான்: ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனிக் கோட்டு முறை. பட்டுத்திரைக்கு நீண்டு வளைந்தோடும் இணைகோடுகள், உரோமத்துக்கு முனை மெலிந்த குறுங்கோடுகள், பின்னல்வேலைக்கு நூலிழையையே தொடரும் நுண்கோடுகள், கல்தூணுக்கு இறுகிய நேர்கோடுகள், முகத்துக்குப் புள்ளிகள். நிறத்தை இழந்த இடத்தில் தொடுவுணர்வைக் கொண்டுவந்து வைத்தார். இது நகலெடுக்கும் வேலை அன்று. இந்த ஓவியத்தில் எது மென்மை, எது கனம், எது முதன்மை என்று ஒருவர் முடிவெடுத்ததன் சான்று.

லண்டன்: மெசோடின்டும் சட்டமும்

கோடே இல்லாமல் நிழலை உண்டாக்கும் மெசோடின்ட் முறையை லுத்விக் வான் சீகன் கண்டுபிடித்தார். ஹெஸ்ஸெ-காஸெல் ஆட்சியாளர் அமேலியா எலிசபெத்தின் உருவப்படத்தை 1642இல் அம்முறையில் வெளியிட்டார். பல்லுள்ள வளைந்த இரும்பைத் தகடு முழுவதும் பல திசைகளில் ஆட்டி, தகட்டைச் சொரசொரப்பாக்குவார்கள். அப்படியே அச்சிட்டால் முழுக் கறுப்பு. பிறகு சுரண்டியும் மெருகிட்டும் ஒளியை மீட்பார்கள். இருளிலிருந்து முகத்தை வெளியே எடுக்கும் இம்முறை உருவப்படத்துக்கென்றே அமைந்தது போன்றது. சொரசொரப்பு விரைவில் தேய்ந்துவிடும் என்பதால் நல்ல படிகள் குறைவாகவே கிடைக்கும். முதற்படிகளுக்கு மதிப்பு மிகுதி.

இங்கிலாந்து இதைத் தன் சொந்தக் கலையாக்கிக்கொண்டது. ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸின் புகழை ஜேம்ஸ் மெக்கார்டெல் போன்றோர் மெசோடின்டில் ஐரோப்பா முழுவதும் கொண்டுசென்றார்கள்.

சட்டத்தின் பக்கம் திரும்பினால், ஓவியரும் செதுக்குநருமான வில்லியம் ஹோகார்த்தின் முயற்சியால் 1735இல் நிறைவேறிய செதுக்குநர் சட்டம் முதலில் நிற்கிறது. சொந்தமாகக் கற்பனைசெய்து செதுக்கியவருக்கு அது 14 ஆண்டு உரிமை தந்தது. வெளியீட்டு நாளையும் உரிமையாளர் பெயரையும் தகட்டிலேயே பொறிக்க வேண்டும் என்று விதித்தது. அதனால்தான் 18ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சுகள் பலவற்றின் அடியில் நாள், மாதம், ஆண்டு, தெரு முகவரி எல்லாம் கிடைக்கின்றன. காலக்கணிப்புக்கு இது ஆய்வாளருக்குக் கிடைத்த பெரும் கொடை. பிறர் ஓவியத்தைப் பார்த்துச் செதுக்கியவருக்கு 1735இன் பாதுகாப்பு இல்லை. அவரையும் உள்ளடக்கி, காலத்தை 28 ஆண்டாக நீட்டியது 1767இன் திருத்தச் சட்டம். மறுபதிப்பிலும் காக்கத்தக்க ஓர் உழைப்பு இருக்கிறது என்று சட்டம் ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

ஆனால் கலை நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. 1768இல் தொடங்கிய லண்டன் அரச கலைக்கழகம் செதுக்குபவர்களை முழு உறுப்பினராக ஏற்க மறுத்தது. மறு ஆண்டு ஆறு பேருக்கு மட்டும் துணை நிலை தந்தது. இதை வெளிப்படையாக எதிர்த்தவர் ராபர்ட் ஸ்ட்ரேஞ்ச். ஆர்க்னி தீவில் பிறந்து, பாரிஸில் பயின்று, இத்தாலியில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பெரும் ஓவியர்களை வரைந்து செதுக்கியவர் அவர். 1775இல் கழகத்தின் தோற்றத்தைக் குறித்து ஒரு கண்டன நூலே வெளியிட்டார். வான் டைக் தீட்டிய, வேட்டைக் களத்தில் குதிரையருகே நிற்கும் முதலாம் சார்லஸ் மன்னர் ஓவியத்தை அவர் செதுக்கி வெளியிட்ட ஆண்டு 1782. ஓவியம் அப்போது பிரெஞ்சு மன்னரிடம் இருந்தது. தங்கள் மன்னரின் மிகச்சிறந்த உருவப்படத்தை ஆங்கிலேயர்கள் ஸ்ட்ரேஞ்சின் கோடுகளில்தான் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள முடிந்தது. 1787இல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. கழகமோ ஒருவரைச் செதுக்குக் கலைஞர் என்ற தகுதியிலேயே முழு உறுப்பினராக ஏற்க 1855 வரை எடுத்துக்கொண்டது. மெசோடின்ட் கலைஞர் சாமுவேல் கசின்ஸ் அந்த நிலையைப் பெற்றார்.

ஒளிப்படத்தின் முன்

அந்த ஏற்பு வந்த பத்தாண்டில்தான் இந்தக் கலையின் அடித்தளம் அசைந்தது. சிவிட்டாவெக்கியாவில் 1801இல் பிறந்த லுயிஜி கலமாட்டா, மோனலிசாவைப் பார்த்து வரைபடம் எடுத்தது 1820களில். செதுக்கச்சு வெளியானது 1857இல். இடையில் ஆங்கரின் ஓவியங்களைச் செதுக்கினார், பிரஸ்ஸல்ஸில் மாணவர்களுக்குக் கற்பித்தார். ஆனால் மோனலிசாவைக் கைவிடவில்லை. வெளிவந்தபோது ஒளிப்படம் ஏற்கெனவே வாசலில் நின்றது.

ஆனால் ஒளிப்படம் வந்தவுடன் வென்றுவிடவில்லை. தொடக்ககால ஒளிப்படத் தகடுகள் நீல ஒளிக்கே எளிதில் இசைந்தன. சிவப்பும் மஞ்சளும் பழுப்பும் கருத்துப்போயின. மெருகெண்ணெய் பழுத்த பழைய ஓவியங்களுக்கு இது பெருந்தடை. 1850களின் நடுவில் குஸ்தாவ் லெ கிரே மோனலிசாவை ஒளிப்படமாக்கியபோது, படம்பிடித்தது ஓவியத்தை அல்ல. எமே மில்லே அதைப் பார்த்து வரைந்த வரைபடத்தை. கருவி வந்தபின்னும் 'டெலினியாவிட்' தேவைப்பட்டது. 1873இல் ஹெர்மன் ஃபோகல் சாயப்பொருள்களால் தகட்டின் நிறவுணர்வை விரிவாக்கும் வழியைக் கண்டபின்னர்தான் நிலைமை மாறத் தொடங்கியது. அதற்குப் பின் அடோல்ஃப் பிரவுனின் நிறுவனம் பெரிய ஓவியக்கூடங்களைப் படமாக்கிக் குவித்தது.

செதுக்குபவர்களின் கடைசிப் பெரும் பதிலாக நான் கருதுவது ஃபெர்டினான்ட் கையார் 1869இல் செதுக்கிய 'கார்னேஷன் மலர் ஏந்திய மனிதர்'. அன்று யான் வான் ஐக் தீட்டியதாகக் கருதப்பட்ட ஓவியம். இன்று பெர்லினில் உள்ளது. உரோமத் தொப்பியும் பெரிய காதுகளும் சுருக்கம் விழுந்த முகமும் கொண்ட முதியவர். கழுத்தில் சிலுவையும் சிறு மணியும் தொங்குகின்றன. கையார் பழைய சாய்சதுர வலையை முழுவதும் கைவிட்டார். வெறும் கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாத அளவு நுண்ணிய கீறல்களால் ஒவ்வொரு சுருக்கத்தையும் அதன் போக்கிலேயே தொடர்ந்தார். ஒளிப்படம் பொருளைக் காட்டும் துல்லியத்தை ஏற்றுக்கொண்டு, எதைக் காட்ட வேண்டும் என்ற தேர்வைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். அதன்பின் ஒளிச்செதுக்கச்சும் இயந்திர அச்சும் வந்து, படத்தின் அடியில் ஓவியர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் மட்டும் மிஞ்சின.

நகலா, சான்றா?

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் அச்சுப் பிரிவை வளர்த்த வில்லியம் ஐவின்ஸ் 1953இல் வெளியிட்ட நூலில், செதுக்குபவர்களின் கோட்டு வலை மூல ஓவியத்தை மறைத்துவிட்டது என்று வாதிட்டார். எல்லா ஓவியர்களையும் ஒரே இலக்கணத்துக்குள் அடைத்து, தனித்தன்மையை அழித்த வலை என்பது அவர் கருத்து. ஓவியரின் தூரிகைத் தடத்தை அறிய விரும்பும் ஒருவருக்கு இந்த வாதம் முற்றிலும் சரி. பெர்சைனின் காஸ்டிலியோனேயைக் கொண்டு ரஃபேலின் தூரிகையை மதிப்பிட முடியாது.

ஆனால் வரலாற்றாளரின் கேள்வி அது மட்டுமன்று. டிஷியன் மாண்டுவா அரண்மனைக்காக 1536க்கும் 1540க்கும் இடையில் பதினொரு ரோமப் பேரரசர்களின் உருவப்படங்களைத் தீட்டினார். மாண்டுவாவிலிருந்து இங்கிலாந்தின் முதலாம் சார்லஸிடமும், அங்கிருந்து ஸ்பெயினுக்கும் சென்ற அவை, 1734இல் மாட்ரிட் அரண்மனை எரிந்தபோது அழிந்தன. இன்று அந்தப் பேரரசர்களின் நிலையையும் திருப்பத்தையும் கவசத்தையும் நாம் அறிவதற்கு முதன்மையான துணை ஏகிடியஸ் சாடலரின் செதுக்கச்சுகள். மூலமே இல்லாத இடத்தில் மறுபதிப்பு எப்படி நகலாகும்?

மூலம் பிழைத்திருக்கும் இடத்திலும் அச்சு வேறொன்றைச் சொல்கிறது. அந்த ஓவியம் அந்த ஆண்டில் யாரிடம் இருந்தது, யாருடையது என்று நம்பப்பட்டது, அதில் எது போற்றத்தக்கதாகத் தோன்றியது என்பதை அச்சின் விளிம்பும் கோடும் சேர்ந்தே பதிவுசெய்கின்றன. நீலச் சட்டைக்கை மனிதரை அரியோஸ்டோ என்று கருதிய காலமும், பெர்லின் முதியவரை வான் ஐக்கின் கைவண்ணம் என்று கருதிய காலமும் மூல ஓவியத்தின் மேல் எழுதப்படவில்லை. அச்சு வெளிவந்த சூழலில்தான் பதிந்திருக்கின்றன. ஒளிப்படம் ஓர் ஓவியத்தின் தோற்றத்தைத் தருகிறது. செதுக்கச்சு ஒரு தலைமுறை அதைப் பார்த்த விதத்தைத் தருகிறது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, மறுபதிப்புக் கலையின் வளர்ச்சி உளியின் நுட்பத்தால் மட்டும் நிகழவில்லை. 1567இன் வெனிஸ் தனியுரிமை, ரூபன்ஸின் மும்முனை உரிமை, 1660இன் பிரெஞ்சு ஆணை, 1735, 1767 ஆண்டுகளின் ஆங்கிலச் சட்டங்கள் ஆகியவை அதன் வடிவத்தையே தீர்மானித்தன. இரண்டாவது, செதுக்குபவரின் மதிப்புக்கான போராட்டம் வோர்ஸ்டெர்மன் முதல் ஸ்ட்ரேஞ்ச் வரை ஒரே தொடர்ச்சி. அது வெற்றிபெற்ற நேரமும் கலை தேயத் தொடங்கிய நேரமும் ஒன்றாக அமைந்தன. மூன்றாவது, ஒளிப்படம் செதுக்கச்சை ஒரே அடியில் வீழ்த்தவில்லை. நிறவுணர்வுச் சிக்கல் தீரும் வரை இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தே நின்றன.

இதிலிருந்து ஒரு கடமையும் பிறக்கிறது. நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இத்தகைய தாள்கள் இன்றும் பல வேளைகளில் ஓவியர் பெயரில் மட்டுமே பட்டியலிடப்படுகின்றன. 'ரஃபேல்' என்று எழுதிய உறைக்குள் பெர்சைனும் சாண்ட்ரார்ட்டும் மறைந்துபோகிறார்கள். வரைந்தவர், செதுக்கியவர், பதிப்பித்தவர், வெளியீட்டு நாள் ஆகிய நான்கையும் தனித்தனியே பதிவுசெய்து, ஒரே தகட்டின் வெவ்வேறு நிலைகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தினால், ஓவியங்கள் கைமாறிய வழிகளும் இரசனை மாறிய வழிகளும் ஒருசேரத் தெளிவாகும். தங்கள் பெயரை அந்த விளிம்பில் நிறுத்த மூன்று நூற்றாண்டு போராடியவர்களுக்கு ஆய்வுலகம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச நீதியும் அதுவே.